மாஹே கச்சேரி

இன்று காலை மிஷன் வீதியில் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எதிரே புதிதாகத் திறந்திருக்கும் காபிக் கடையிலிருந்து உங்கள் டிரம்பெட் கேட்டது. உள்ளே ஒரு பையனும் பெண்ணும் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது என் புருஷனின் மூச்சு. இவர்கள் யார் அதற்குத் தாளம் போட? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு உங்கள் வாசிப்பு வந்த அந்த சீடியின் மேல் பொறாமை போகவில்லை.

ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, உங்கள் குழுவில் நான்கு பேரும் ஒரு வேனில் காரைக்கால், மாஹே, ஏனாம் என்று ஜாஸ் வாசிக்கப் போனீர்கள். மகளுக்குப் பத்தாவது பரீட்சை. நான் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டேன். மாஹேயில் வாசித்ததுதான் சீடியாக வந்தது. அதில் மூன்றாவது பாட்டில் கீபோர்டு வாசிக்கும் பெண் ஏதோ கேட்பதுபோல வாசிக்கிறாள். நீங்கள் அவளை முடிக்க விட்டு, ஒரு கணம் பொறுத்து, மெதுவாகப் பதில் சொல்கிறீர்கள். அவள் சிரிப்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. வீட்டில் நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் பேப்பரைப் புரட்டிவிடுவீர்கள்.

"அவ வாசிச்சா மட்டும் இப்படிக் காது குடுக்குறீங்களே?" என்று கேட்டேன்.

"மேடையில காது குடுக்கலன்னா பாட்டு கவுந்துடும்மா."

"வூடு கவுந்தா பரவால்லியா?"

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்குள் தப்பாக ஏதும் இருந்ததாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது, அந்தக் கீபோர்டுப் பெண் மூலையில் உட்கார்ந்து அழுதாள். வந்தவர்கள் அவளுக்கும் ஆறுதல் சொன்னார்கள். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் வந்திருந்தாள். "அக்கா, மாஹேல பதிவானது முழுசும் எங்கிட்ட இருக்கு. சீடில விட்டுப்போனதையும் சேத்து மறுபடி போடலாம்னு இருக்கோம். நீங்க சரின்னாத்தான்."

"மொதல்ல நான் கேக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். முடியாது என்று சொல்வதாகத்தான் இருந்தேன். இன்று காபிக் கடையிலிருந்து திரும்பியதும் அதைப் போட்டேன்.

கச்சேரிக்கு முன்னால் நாற்காலிகள் இழுபடுகின்றன. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க யாரோ உங்களைப் பேசச் சொல்கிறார்கள்.

"இன்னா பேச?"

"எதுனா பேசுண்ணே."

நீங்கள் தொண்டையைச் செருமுகிறீர்கள். "ஹலோ... வூட்டுக்காரி இவங்க எல்லாருக்கும் சேத்து புளிசோறு கட்டிக் குடுத்தா. பாதிக்கு மேல நானே வேன்ல தின்னுட்டேன். போன் பண்ணா, எல்லாருக்கும் குடுத்தீங்களான்னுதான் மொதல்ல கேப்பா. பொய் சொன்னா கொரல வச்சே கண்டுபுடிச்சிடுவா. ஹலோ, ஹலோ..."

எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும்.

சாயங்காலம் அவளுக்குப் போன் பண்ணினேன். "எல்லாத்தையும் போட்டுக்கோ. மைக்ல பேசுறது மட்டும் வேணாம்."

"ஐயோ அக்கா, எங்க எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சதே அதான்!"

"அதான் வேணாங்கறேன்."

"சரிக்கா" என்றாள் ஏமாற்றத்தோடு. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

டிரம்பெட் வாசித்தவரை யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். புளிசோற்றை ஒளித்துத் தின்றுவிட்டு எனக்குப் பயந்தவரை மட்டும் நான் யாருக்கும் தருவதாக இல்லை.