நீர்நாய் இல்லாத சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு டெல்ஃபின் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் ஊர் பிரவுனிங்கின் காற்று வீட்டுக் கூரையை விட்டுவைத்திருக்கிறதா? சியாட்டிலில் நான் நலம்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். நான் வேலை செய்யும் ஓவியக்கூடச் சுவரில், நீர்நாய் படம் தீட்டிய நம் குடும்பக் கூடாரத்தை அப்படியே வரையச் சொன்னார்கள். கீழே மலைகளும் மேலே விண்மீன்களும் வரைந்து, நடுவை வெறுமையாக விட்டேன். முதலாளி மார்லா வந்து பார்த்தாள்.

“நீர்நாய் எங்கேம்மா?”

“அது எங்கப்பாவோடது. அவர் சடங்கு செஞ்சு அந்த உரிமையைக் கைமாத்திக் குடுக்காம நான் வரையக்கூடாது.”

“நீ அவர் பொண்ணுதானே! ஒரு போன் போட்டுக் கேளு. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“வேற ஆளும் எங்கப்பாகிட்டதான் வரணும்.”

முறைத்துவிட்டுப் போனாள். கண்காட்சி திறந்த அன்று கூட்டம் அந்த வெற்றிடத்தின் முன்னால்தான் நின்றது. இப்போது அது தன் யோசனை என்று சொல்லித் திரிகிறாள்.

புகைபோட்ட மான்தோல் ஒரு துண்டு அனுப்புங்கள். தைக்க அல்ல, தலையணைக்கடியில் வைக்கிற அளவு போதும். வெயிலில் காயவைத்துவிடாதீர்கள், வாசனை போய்விடும்.

கோடையில் கூடாரம் போடும்போது உள்ளே எனக்கு ஓர் இடம் விட்டுவையுங்கள். நீர்நாயைக் கேட்க வரவில்லை, அப்பா. அதன் கீழே படுத்துத் தூங்கத்தான்.

பேருந்து வந்துவிட்டது.

டெல்ஃபின்