உன் இரண்டு வயதுக் கோடு

அன்புள்ள பட்டாணிக்கு,

நாங்கள் இங்கே தரைக்கு மேலே நான்கு செங்கல் உயரத்தில் நலம். நீ அங்கே தரையிலேயே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். செங்கல் எதற்கென்றால், கட்டில், பீரோ, உன் சித்தி எல்லாவற்றையும் தூக்கி வைத்திருக்கிறேன். இந்த மாதம் கடல் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டது, சொல்லாமல் கொள்ளாமல், சம்பந்தி மாதிரி. உன்னைப் பெற்றது அண்ணன் என்றாலும் வளர்த்த கழுதை நான்தானே, அதனால் ஒரு குற்றத்தை உன்னிடம்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். சமையலறைக் கதவோரம் வருஷா வருஷம் உன்னை நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதுவேனே, ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் வெள்ளக் கணக்கெடுக்க வந்த மனிதர் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு தண்ணியாங்க வந்துச்சு என்று கேட்டார். ஒரு சொட்டுகூட அதுவரை வாசற்படி தாண்டியதில்லை. நானோ, ஆமாங்க, வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் போச்சு, பதினேழாவது கோட்டோட நின்னுடுச்சு என்று பெருமூச்சு விட்டேன். உன் முழு உயரத்தையும் வெள்ளமாக எழுதிக்கொண்டு போனார். அவர் போனதும் தெருவே அதிரச் சிரித்தேன். கடல் தடுப்புச்சுவர் கேட்கும் பட்டியலில் நம் தெரு முதலில் வந்துவிட்டது. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா என்று உன் சித்தி அன்றே திட்டினாள்.

இப்போது அந்தத் தாள் அடுத்த மாதம் உன் ஊரில் நடக்கிற, பூமி சூடாவதைப் பேசும் பெரிய உலகக் கூட்டத்துக்கு வருகிறதாம். அங்கே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற நீதான் அதை அவர்கள் மொழியில் வாசிக்கப் போகிறாய். உன் உயரத்தை நீயே வெள்ளம் என்று வாசிக்க வேண்டும். ஏழை நாட்டுக்காரர்கள் எதையும் ஊதிப் பெரிதாக்குவார்கள் என்று அங்கே ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அவருக்கு நானே சாட்சியாகிவிட்டேன். அந்தப் பணக்கார நாட்டுக்காரர்கள் நூறு வருஷம் புகைவிட்டு வாழ்ந்தார்கள். இங்கேயோ ஐஸ் பாக்டரியில் என் கிழட்டு மெஷின் கசிகிற வாயுவால்தான் பூமி கொதிக்கிறது, நிறுத்து என்று ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. முப்பது வருஷமாக ஐஸ் செய்கிறவன்தான் உலகத்தைச் சூடாக்குகிறானாம்! விருந்து சாப்பிட்டவர்கள் ஏப்பம் விட்டுப் போய்விட, தட்டு கழுவுகிறவனிடம் பில்லை நீட்டுகிற நியாயம் இது. இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம் என்று பார்த்தால், என் பொய் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஏனென்றால் இப்போது தண்ணீர் நிஜமாகவே வந்துவிட்டது. முதல் முறை, பகல் பதினோரு மணிக்கு, உன் ஒரு வயதுக் கோட்டில் நின்றது. பத்தே நாளில் மறுபடி வந்து இரண்டு வயதுக் கோட்டைத் தொட்டது. நீ ஒரு வருஷத்தில் வளர்ந்ததை அது பத்து நாளில் வளர்ந்தது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் பெண் குழந்தையைத் தூக்கிவந்து கோட்டருகே நிற்க வைத்தார். இப்போதுதான் நிற்கப் பழகுகிறாள். கோடு அவள் தலைக்கு மேலே நான்கு விரல். அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை, அதைப் பார்த்துத்தான் உன் சித்தி பயந்துபோனாள்.

அதனால் கண்ணு, என் மானத்தைப் பார்க்காதே. அந்த எண்களை வாசிப்பதற்கு முன்பே உன் மேலதிகாரியிடம் சொல்லிவிடு, இவை என் உயரம், என் சித்தப்பா புளுகர் என்று. பட்டியலில் இருந்து தெருவை அடித்தாலும் அடிக்கட்டும் என்று எழுத வந்தேன், கை வரவில்லை. அடிக்காமல் பார்த்துக்கொள். இந்த இரண்டு கோடுகளை மட்டும் சிவப்பு மையில் போட்டு, தையல்காரரையும் கையெழுத்துப் போடச் சொல்லி, படம் எடுத்து வைத்திருக்கிறேன், அதைக் காட்டு. வாழ்நாளில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது இது ஒன்றுதான்.

ஆயிரம் வருஷம் நன்றாக இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. சித்தி ஆசி சொல்கிறாள், கட்டில் மேலே நின்றபடி. நீ பதினேழு வயதில் வளர்வதை நிறுத்திவிட்டாய். கடலிடம் நிறுத்து என்று யார் சொல்வது?

இப்படிக்கு,
இன்று ஒரு பொய்யும் சொல்லாத
உன் சித்தப்பா