சந்தேகம் உள்ளவர்கள் வரலாம்

தலைமை வளாகம்
ஆகஸ்ட் 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் பாதிப் பேச்சிலேயே விடைத்தாள் திருத்தப் போய்விடுவீர்கள், அதனால்தான் கடிதம். அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் கட்டில் இடிக்கிறது. ஆனாலும் என் பெயருக்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

இந்த ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் பாதிப் பேர் பேராசிரியர்கள், பாதிப் பேர் என்னைப் போல அலுவலக ஆட்கள். முதல் நாள் ஒரு வேதியியல் பேராசிரியர் "நீங்க என்ன நினைக்கறீங்க மேடம்?" என்றார். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மாணவர் பதிவுப் பிரிவில் இத்தனை வருஷம் இருந்தும் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

ஒரே வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வருகிறவர்கள் பாதியில் நின்றுபோகிறார்கள். ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. உதவி கிடைக்கிற இடம் தெரிந்தும் அவர்கள் ஏன் போய்க் கேட்பதில்லை என்பதை நான் எடுத்துக்கொண்டேன். நம் கிளை வளாகத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் முதலாண்டுக் கணக்கு வகுப்பும் அதில் வரும். முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி

~

ஆகஸ்ட் 13

என் ஆராய்ச்சியாளருக்கு,

நீ போன அன்றே ஆசிரியர் அறையில் தம்பட்டம் அடித்துவிட்டேன். "மேடம் வந்ததும் எங்களை எல்லாம் ஞாபகம் வச்சுக்குவாங்களா சார்?" என்று இயற்பியல்காரர் கேட்கிறார். பெருமையாகத்தான் இருக்கிறது. சமையல்தான் உதைக்கிறது. உப்புப் போட்டேனா இல்லையா என்பது சாப்பிட்ட பிறகுதான் தெரிகிறது.

என் வகுப்பைத் தாராளமாக ஆராய்ந்துகொள். என் கதவு என்றைக்கு மூடியிருந்தது? நான் வேலையில் சேர்ந்தபோது நீ உன் கையால் எழுதித் தந்த பலகை இன்னும் அதில்தான் தொங்குகிறது: "சந்தேகம் உள்ளவர்கள் வரலாம்." சாயங்காலமானால் முதல் வரிசையில் இருந்து அதே மூன்று பேர் வருகிறார்கள். மற்றவர்களுக்குச் சந்தேகம் இல்லை போலிருக்கிறது. பரீட்சைத் தாளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வர மனசில்லாதவர்களை நான் என்ன செய்ய?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாத்தியார்

~

அக்டோபர் 20

அன்புள்ள உங்களுக்கு,

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். படிப்பை விட்டுப்போன ஒரு பெண்ணைப் பார்த்தேன். மருந்துக்கடையில் நிற்கிறாள். உங்கள் வகுப்பில் இருந்தவள். "சாரை ஒண்ணும் சொல்லிடாதீங்க மேடம், நல்ல சார்" என்றுதான் பேச்சையே தொடங்கினாள்.

"அப்புறம் ஏம்மா ஒரு தடவைகூட அவரைப் போய்ப் பார்க்கலை?"

"கதவு வரைக்கும் நிறைய தடவை போயிருக்கேன் மேடம். சந்தேகம் உள்ளவங்க வரலாம்னு போட்டிருந்துச்சு. எனக்குத்தான் சந்தேகம் எதுவும் இல்லையே."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

"சந்தேகம் வரணும்னா கொஞ்சமாவது புரிஞ்சிருக்கணும்ல மேடம். எனக்கு ஒண்ணுமே புரியலை. அப்படிப்பட்டவங்களுக்கு வேற ரூம் இருக்கும்னு நெனச்சேன். அது எங்கேன்னு யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியலை."

பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுதுவிட்டேன். அந்தப் பலகையை எழுதியது நானல்லவா. அதற்கப்புறம் பேசியவர்களில் பல பேர் இதையேதான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். நாம் நல்ல மனசோடு எழுதி மாட்டிய ஒரு சொல், யாருக்காக எழுதினோமோ அவர்களையே திருப்பி அனுப்பியிருக்கிறது.

என் ஆராய்ச்சிக்கு உயிரே இந்த இடம்தான். பெயர் போட மாட்டேன். ஆனால் அந்தப் பலகை யார் கதவில் தொங்குகிறது என்று நம் வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்களைக் கேட்காமல் அறிக்கையைக் கொடுக்க மாட்டேன். வரைவை இத்துடன் அனுப்புகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

~

நவம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

பதில் இல்லை. போனிலும் "ம்", "சரி", "சாப்டியா" தவிர வேறு பேச்சில்லை. கோபம் வந்தால் நீங்கள் பேசாமல் பாத்திரம் தேய்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? இந்நேரம் வீட்டில் எல்லாம் பளபளவென்று இருக்கும்.

திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுக்க வேண்டும். பலகை வரும் பகுதியை எடுத்துவிட்டே கொடுத்துவிடுகிறேன். வேதியியல் பேராசிரியர் கேட்டுவிட்டு, "அப்ப மிச்சம் என்ன மேடம், அட்டையா?" என்றார். வருத்தம்தான். ஆனாலும் ஆராய்ச்சி இன்னொன்று செய்துகொள்ளலாம். வாத்தியார் எனக்கு ஒருத்தர்தான்.

உங்கள் வீட்டுக்காரி

~

நவம்பர் 12

என் ஆராய்ச்சியாளருக்கு,

எடுக்காதே. ஒரு வரிகூட எடுக்காதே. திங்கட்கிழமைக்குள் கடிதம் வந்துசேருமோ சேராதோ என்று இதை மட்டும் தந்தியைப் போலப் போனிலும் சொல்லிவிட்டேன். மற்றதை எழுதினால்தான் எனக்கு வரும்.

கோபம் வந்தது உண்மை. பாத்திரம் பளபளப்பதும் உண்மை. என் கதவைப் பற்றி எனக்கே யார் சொல்வது என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் அந்தக் கதவுக்கு வெளியே நின்று, எதுவுமே தெரியாதவனாகப் பலகையைப் படித்துப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரி. அவளிடம் உட்கார்ந்து அதைக் கேட்டு வாங்க எனக்குத் தெரிந்திருக்காது. உனக்குத் தெரிந்திருக்கிறது. உன்னை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

பலகையை மாற்றிவிட்டேன். இந்தத் தடவை என் கோணல் எழுத்து: "ஒண்ணுமே புரியலையா? இந்த ரூம்தான்." இயற்பியல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முதல் சில நாள் யாரும் வரவில்லை. பிறகு கடைசி வரிசைப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

"சார், ஒண்ணும் புரியலை."

"எதுலேருந்து?"

"முதல் நாள்லேருந்து சார்."

சரி என்று முதல் நாளிலிருந்து ஆரம்பித்தோம். இப்போது பக்கத்து அறையில் நாற்காலி இரவல் வாங்குகிறேன். அந்தப் பெண் யார் என்று கேட்க மாட்டேன். மறுபடி பார்த்தால் வேறு ரூம் கிடையாது, இதுதான் என்று சொல். அவள் திரும்பவும் சேர முடியுமா என்று உன் பிரிவிலேயே விசாரித்துவிட்டேன். முடியுமாம்.

நீ எழுதிய பழைய பலகையை எறிய மனசில்லை. சமையலறைக் கதவில் மாட்டியிருக்கிறேன். அங்கே எனக்கு நிறையச் சந்தேகம்.

உன் வரைவை முழுக்கப் படித்தேன். எண்கள் புரிந்தன. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் நீ இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்பது புரியவில்லை. சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஒண்ணுமே புரியலை. எந்த ரூம் என்று மட்டும் சொல்.

உன் கடைசி வரிசை மாணவன்