பல் ஆஸ்பத்திரியில் விட்டுக்கொடுத்தவர்கள்

பிப்ரவரி 3
களப்பணி ஆறாம் நாள். பல் ஆஸ்பத்திரி, காத்திருப்பு அறை, சுவரோரக் கடைசி நாற்காலி. "பங்கேற்காத உற்றுநோக்கல்" என்ற முறையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று ஆய்வுத் திட்டத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். உண்மையான காரணம் ஒரு வரிதான்: யாரிடமும் பேச வேண்டாம்.

தலைப்பு, வரிசையில் அந்நியர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பது. அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்குப் பட்டம் தராங்களா? இருபது வருஷமா ஜன்னல்ல நான் அதத்தானடி பண்றேன். எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா."

பிப்ரவரி 5
குடைக்காரர் இன்றும் வந்தார். அறுபது வயதிருக்கும்; வெயிலோ மழையோ, கையில் குடை. அவர் முறை வந்ததும் பக்கத்திலிருந்தவரிடம், "நீங்க போங்க, உங்களுக்கு அவசரமா இருக்கும்" என்றார். பிறகு அடுத்தவரிடம். மொத்தம் நான்கு பேர். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டார். இப்படியும் ஒரு மனிதரா! நோட்டில் எழுதினேன்: தன்னலமின்மை – 4.

பிப்ரவரி 7
தன்னலமின்மை – 6. மருந்துக் கம்பெனி விற்பனையாளருக்குக்கூட விட்டுக்கொடுத்தார். அந்த விற்பனையாளருக்குப் பல்வலியே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 12
குடைக்காரரை மையமாக வைத்து மூன்றாம் இயலை எழுதி, வழிகாட்டி மேடத்திடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே பதினோரு "நான்"களை அடித்தார். "நீ யாரு இதுல? 'ஆய்வாளர்'னு எழுது. கண்ணு கலங்குனதெல்லாம் எதுக்கு?"

திருத்தினேன். "நாற்காலியில் ஆய்வாளரால் அமரப்பட்டது." படித்தால் நாற்காலிக்கு ஏதோ ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது.

ஆய்வேட்டைக் கொடுக்க 28 கடைசி நாள். தவறினால் பட்டம் அடுத்த வருடம்தான். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் இந்த மாதிரித் தேதியைத் தவறவிட்டதில்லை. இவ்வளவு தூரம் யாரும் வந்ததில்லை என்பதால்.

பிப்ரவரி 17
போச்சு. எல்லாம் போச்சு.

குடைக்காரர் இன்று மனைவியோடு வந்தார். முறை வந்தது. எழுந்து, "நீங்க போங்க —" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா குடையைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரெண்டு வாரமா டாக்டர் லீவு, டாக்டர் லீவுன்னு சொன்னது இதுதானா? முப்பது வருஷம் லாரி ஓட்டுன ஆளு, ஒத்தப் பல்லு புடுங்கப் பயமா?"

"பயமில்லடி, மத்தவங்க பாவம்னு..."

"பாவமா! வீட்ல ஒருநாளாவது ரிமோட்ட விட்டுக்குடுத்திருக்கீங்களா?"

அறையே சிரித்தது. அவர் குடையில்லாமலே ஓடிவிட்டார். என் முப்பத்திரண்டு பக்கமும் அவர் பின்னாலேயே படியிறங்கிப் போயிற்று.

இப்படியே விட்டுவிட்டால் என்ன? யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? — சீ, என்ன புத்தி இது.

பிப்ரவரி 18
தரையைப் பார்த்தபடி மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

"அந்த ஆள்ட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல மேடம்."

"ரெண்டு வாரமாவா?"

"கூச்சமா இருந்துது மேடம்."

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறார் என்று பயந்தேன். தோள் குலுங்கியது சிரிப்பில். "தப்பாப் புரிஞ்சுகிட்டத அப்படியே எழுது. ஆனா விட்டுக்குடுக்கற ஒவ்வொருத்தர்ட்டயும் ஏன்னு கேளு. இந்த இயலுக்கு மட்டும் 'நான்' போட்டுக்கோ. பாவம், ஆய்வாளர் மேல இந்தப் பழிய எப்படிப் போடறது?"

பிப்ரவரி 19
யாரையும் கேட்கவில்லை. ஐந்து முறை தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 20
ஒருவரைக் கேட்டுவிட்டேன்! பேங்க்கில் வேலை பார்க்கும் அக்கா. "உள்ள அந்த மெஷின் சத்தம் கேக்குதில்ல? அதான் பக்கத்துல இருந்தவங்கள முன்னாடி போகச் சொன்னேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீ ஏம்மா தினமும் வந்து உக்காந்துட்டு உள்ள போகாமலே போயிடற? உனக்கும் பயமா?"

ஆமாம் என்றேன். பல்லைப் பற்றி இல்லை என்று விளக்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 24
குடையோடு அந்த அம்மா மட்டும் வந்தார். "அந்த ஆளு இங்க தலைகாட்டுனா எனக்குச் சொல்லு" என்று என் நோட்டில் அவரே போன் நம்பரை எழுதிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 25
இதுவரை பத்தொன்பது பேர். பதினான்கு பேருக்குப் பயம். மூன்று பேர் நிஜமாகவே நல்லவர்கள். ஒருவர் பேப்பர் படித்து முடிக்கவில்லை. ஒருவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்.

பிப்ரவரி 28
கொடுத்தாயிற்று.

மார்ச் 9
தேர்ச்சி. மேடம் இயலைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்பு மை, இருபத்தேழாம் பக்க ஓரத்தில்: "கடைசியில் பல்லை எடுத்தாரா இல்லையா?"

எனக்கும் தெரியாது. மூன்று முறை எண்ணை அழுத்தி அழித்து, நான்காம் முறை போன் போட்டேன். அந்த அம்மாதான் எடுத்தார். யாரென்று சொல்லி, பல்லைப் பற்றிக் கேட்டேன்.

"எடுத்தாச்சும்மா. ஒண்ணும் தெரியலையாம். இப்ப என்னன்னா, காலைல சாப்ட்ட கையோட அங்கதான் போறாரு. பயந்து உக்காந்திருக்கறவங்க பக்கத்துல உக்காந்து, 'நீங்க போங்க, ஒண்ணும் ஆகாது'ன்னு ஒவ்வொருத்தரா உள்ள அனுப்பறாராம். இதுக்கு உங்க படிப்புல என்னம்மா பேரு?"

"தெரியலங்க. அவர்ட்டதான் கேக்கணும்."

"இரு, செருப்பு மாட்டிட்டிருக்காரு. குடுக்கறேன்."