ஐந்தாவது நிமிட மணி

மார்ச் 3, திங்கள்

இன்றும் மகாராஜா தன் பிரதாபத்தை ஆரம்பித்துவிட்டார். எங்கள் பெரிய டாக்டருக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் அது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குள் தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, கோளாறான இடத்தில் சூடு வைப்பார். குழாய் எங்கே நிற்கிறது என்று பார்க்க எக்ஸ்ரேயும் சாய மருந்தும். எக்ஸ்ரே மிஷின் என் பொறுப்பு. பெடல் மட்டும் அவர் காலடியில். தையல் மிஷின் மாதிரி மிதித்துத் தள்ளுகிறார்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு ஊசி சாயம், ஒரு படம். எதற்கு? மாநாட்டில் காட்ட அழகாக இருக்குமாம்!

மார்ச் 5

புதிதாக வந்த டாக்டரம்மா ஒரு மெல்லிய குழாயைக் காட்டினாள். இதயத்துக்குள்ளேயே போய் ஸ்கேன் எடுக்குமாம். சாயம் வேண்டாம், எக்ஸ்ரே பெயருக்குத்தான். "பொம்மை டிவி" என்றார் மகாராஜா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வேலை பார்க்கிற இடமாயிற்றே.

மார்ச் 11

அக்காவுக்கும் அதே வியாதி. மாத்திரை எதுவும் கேட்கவில்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். சூடு வைத்தே ஆகவேண்டும். ஆனால் சர்க்கரையில் கிட்னி ஏற்கெனவே பாதி போயிற்று. "சாயம் அதிகமானா டயாலிசிஸ்ல கொண்டுபோய் விட்டுடும்" என்று கிட்னி டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ அங்கதானே இருக்கே, எனக்கென்னடா பயம்?" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறதே — அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 13

மகாராஜாவிடம் கெஞ்சினேன். "என் அக்கா சார். டாக்டரம்மா சொல்ற மாதிரி செய்யலாமா?"

"என் கேஸ்ல அந்த அஞ்சு நிமிஷ மணி ஒரு தடவையாவது அடிச்சிருக்கா? நீயே சொல்லு."

வாய் கூசவில்லை மனுஷனுக்கு! எக்ஸ்ரே ஐந்து நிமிடம் ஓடினால் மிஷின் மணி அடிக்கும். போதுமா, நிறுத்தி யோசி என்று அர்த்தம். எக்ஸ்ரே நீள நீளச் சாயமும் கூடிக்கொண்டே போகும். நான் சேர்ந்த புதிதில் அது அடித்தபோது, "அந்தச் சனியனை அடக்கு" என்று கையுறையைக் கழற்றி என்மேல் எறிந்தவர் இவர். அன்றிலிருந்து நாலு நிமிடம் ஐம்பது வினாடி ஆனதும் என் விரல் தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கிவிடும். கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். ஒரு கேஸில் ஏழெட்டுத் தடவை. பதினோரு வருஷமாக இதே கூத்து. தெரிந்துகொண்டே கேட்கிறார், அடிச்சிருக்கா என்று.

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தூ.

மார்ச் 18

நாளைக்கு அக்காவின் கேஸ். பொத்தானைத் தொடமாட்டேன். மணி அடிக்கட்டும். எல்லார் முன்னாலும் அடித்து அவர் மானம் போகட்டும்.

மார்ச் 19

அக்கா மயக்கத்தில் கிடந்தாள். கொஞ்சம் சாயம் உள்ளே போயிருந்தது. அடுத்த ஊசி நிரப்பித் தயாராக இருந்தது. நாலு ஐம்பது. கையைக் கட்டிக்கொண்டேன். மணி அடித்தது.

மகாராஜா நிமிர்ந்தார். "என்ன சத்தம் அது?"

நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. கூரையைப் பார்க்கிறார், கதவைப் பார்க்கிறார்.

"அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு சார்."

"மிஷின்ல கோளாறா?"

"இல்ல சார். எப்பவும் அடிக்கிறதுக்கு முன்னாடியே நான் அமுக்கிடுவேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான் சார்."

பெடலிலிருந்து காலை எடுத்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அந்த ஊசியை எடுத்துடுங்க" என்றார். அப்புறம் டாக்டரம்மாவிடம், "உங்க குழாயைக் கொண்டாங்கம்மா."

அவர் பொய்யே சொல்லவில்லை. அடிக்காத மணியை நம்பியிருக்கிறார். மொத்த நிமிடத்தை ரிப்போர்ட்டில் நான் எழுதத்தான் செய்தேன், அவர் படிக்கவில்லை. கையுறை எறிந்ததுகூட அவருக்கு ஞாபகம் இல்லை போல. எனக்கென்ன கேடு, ஒரு நாளாவது வாயைத் திறக்க?

மார்ச் 22

அக்காவின் கிட்னி அப்படியே இருக்கிறது. துடிப்பும் சீர். வார்டு முழுக்க, "என் தம்பிதான் பார்த்துக்கிட்டான்" என்று தம்பட்டம். சும்மா இரு என்று எரிந்து விழுந்தேன். "புகழ்ந்தாக்கூட உனக்குக் கோவமாடா?" என்றாள்.

மார்ச் 26

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணே, இவங்கள்ல யாருக்காவது அப்புறம் கிட்னி கெட்டுச்சா?"

"நான் எக்ஸ்ரே ஆளும்மா. எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். இதே பதிலை மகாராஜா சொல்லியிருந்தால் இங்கே ரெண்டு பக்கத்துக்குக் கிழித்திருப்பேன்.

மார்ச் 27

அந்தப் பழைய ரிப்போர்ட்டுகளில் முதல் நோயாளியின் எண்ணுக்கு நானே போன் போட்டேன். மகள் எடுத்தாள்.

"அப்பாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்கு இப்பதான் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

சர்க்கரையாலும் வந்திருக்கலாம். தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"யார் பேசறது?" என்று கேட்டாள்.

எக்ஸ்ரே எடுத்தவன் என்றேன்.