ஈரோட்டில் தங்கிய காரணம்

காலையில் டப்பாவைத் திறந்ததும் விரலி மஞ்சள் வாசம் முகத்தில் அடித்தது. ஈரோட்டில் நீங்கள் கடைசியாக வாங்கிய மஞ்சள். இன்னும் தீரவில்லை. தீர்க்க எனக்கு மனமும் இல்லை.

கொடுமணலில் தோண்டுகிறார்கள் என்று பேப்பரில் வந்தால் போதும், பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையைப் பூட்டிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். வெயில் ஏறுமுன், புதைந்த பழங்காலத்து ஊரைத் தேடித் தோண்டிய குழிகளைப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின நாளே பக்கத்து ஊரில் தங்க வேண்டும். அதெல்லாம் சரி. திருப்பூரில் என் அண்ணன் வீடு இருக்கும்போது ஈரோட்டில் எதற்கு லாட்ஜ்?

"ஈரோட்டுல இருந்துதான் அம்மணி காலைல பஸ் சவுரியம்" என்பீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் நம்பவில்லை. அறையில் பையை வைத்ததும், "மஞ்ச வாங்கிட்டு வாரேன்" என்று போனால் ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். கால் கிலோ மஞ்சளுக்கு ஒரு மணி நேரமா? நீங்கள் குளிக்கும்போது சட்டையை மோந்து பார்த்திருக்கிறேன். மஞ்சள் வாசம்தான் வந்தது, அதையும் நம்பவில்லை. ஒருமுறை கேட்டே விட்டேன்: "ஏனுங்க, இந்த ஊர்ல யாரு இருக்கறாங்க?" சிரித்தீர்களே தவிர வாயைத் திறக்கவில்லை.

உங்கள் கருமாதி முடிந்த அன்று அண்ணன் மனைவிதான் அழுதுகொண்டே சொன்னாள். அவர்கள் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லையாம். குழந்தை இல்லாத என் கண் பட்டுவிடுமென்று, என்னைக் கூட்டிவர வேண்டாம் என்றாராம் அண்ணன்.

"வருசாவருசம் ஈரோட்டுல இருந்து போன் பண்ணுவாருங்க. 'நாளைக்காச்சும் அவளைக் கூட்டியாரட்டுங்களா மச்சான்'னு கேப்பாருங்க. உங்கண்ணன் வேண்டாம்னே சொல்லிப்போடுவாரு."

எனக்கு அண்ணன்மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. உங்கள்மேல்தான் வந்தது. சொல்லியிருந்தால் உங்களை இத்தனை வருடம் சந்தேகப்பட்டிருப்பேனா?

இந்த வருடமும் தோண்டுகிறார்கள். நானே போய்ப் பார்க்கலாமென்று இருக்கிறேன். அதைக் கேள்விப்பட்டு, சற்றுமுன் அண்ணன் மகள் போன் செய்தாள். அவளுக்கு இப்போது கைக்குழந்தை. நடந்தது எதுவும் தெரியாது.

"எங்கூட்டுக்கு வந்து தங்கிக்குங்க அத்தை. காலைல நானே கார்ல கூட்டிட்டுப் போறனுங்க."

"ஈரோட்டுல இருந்துதான் கண்ணு காலைல பஸ் சவுரியம்" என்றேன்.

"நெசமாவே அதுக்குத்தானுங்களா?" என்றாள்.

நீங்கள் சிரித்த மாதிரியே நானும் சிரித்து வைத்தேன்.