நூற்றிப்பதினேழாம் குழாய்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று உன் சின்ன மகள் எழுதியிருந்தாள். அத்தானின் சட்டைகளைக் கொடியில் அப்படியே விட்டிருக்கிறாயாம். இருக்கட்டும், மனசு வரும்போது மடித்தால் போதும்.

போன கடிதத்தில், "அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரு, நான்தான் விட்டுட்டேன்" என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். வைரஸின் மேலே முள் முள்ளாக நிற்கும் புரதங்களில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, அது செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்ப்பது. சாயம் கூடினால் முள் மழுங்கி வைரஸ் உள்ளே போகாது. குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. "என் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்க ரெண்டு நாள் போதும், ஒரு கிருமிக்கு உனக்கு ரெண்டு வருஷமா?" என்று அத்தான் கேலி செய்வாரே.

அவர் போய்ப் பத்து நாள் கழித்து எங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளின் சளி மாதிரிகள் குழாய்களில் வந்தன. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நூற்றிப்பதினேழாம் குழாயோடு வந்த தாளில் வயது நாற்பத்தாறு, பஸ் டிரைவர் என்று இருந்தது. காய்ச்சல் தொடங்கிய நாள் பதினொன்று, சேர்த்த நாள் பதினாறு. உங்கள் ஊர் முத்திரை. அது அத்தான்தான் என்று தெரிந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர், "இத வேற யாராவது செய்யட்டும்மா, நீ வீட்டுக்குப் போ" என்றார். நானே செய்கிறேன் என்றேன். மூன்று முறை அளவு தவறிச் சாயம் திரண்டுபோனது. நாலாவது முறை ஒட்டியது. இருட்டுத் திரையில் பச்சைப் புள்ளிகள் செல்லின் ஓரத்தைத் தொட்டன. பத்தே நிமிஷத்தில் உள்ளே போய்விட்டன. பார்க்க அழகாக இருந்தது, அக்கா. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ எனக்குப் போன் செய்தது பதினாலாம் தேதி காலை. கூட்டிட்டுப் போகட்டுமா என்று கேட்டாய். நான் வேலை அவசரத்தில், "சாதாரணக் காய்ச்சலா இருக்கும்க்கா, மாத்திரை குடுத்துப் படுக்க வை" என்றேன். இந்த வேலையில் இருப்பவள் சொன்னால் நீ நம்பாமல் என்ன செய்வாய்? அந்த இரண்டு நாளும் என்னால் போனவை. நீ அதை மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் உன் தவறு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். என் பெயரை ஒருவரிடமும் எடுக்கவில்லை.

அந்த வைரஸின் முள்ளை இறுகப் பிடித்துத் தடுக்கும் எதிர்ப்புப் புரதம் ஒன்று கிடைத்திருக்கிறது. மருந்தாக வருஷங்கள் ஆகும். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு. அவர்களுக்கு அம்மா மேல் மனத்தாங்கல் வரக்கூடாது. சித்தி மேல் வரட்டும். வெள்ளிக்கிழமை வருகிறேன். கதவைத் திறக்க உனக்கு மனசில்லை என்றால் வாசலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறேன். நீ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டாய் என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் கொடு.

உன் தங்கை